தோழியின் நீளக் கூந்தலும் என் புழுவெட்டும்

கேள்வி:

டாக்டர், எனக்கு வயது 28. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் பின்மண்டையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு முடி கொட்டியது. புழுவெட்டு என்றார்கள். இப்போது நான்கைந்து இடத்தில் இருக்கிறது, இடது புருவமும் பாதி போய்விட்டது.

கல்லூரி விடுதியில் நாலு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி, இன்ஸ்டாகிராமில் தினமும் கூந்தலை அவிழ்த்துவிட்டு ரீல்ஸ் போடுகிறாள். கடைசி வருடம் அவளுக்கு டெங்கு வந்து, அப்புறம் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. ஒரு எண்ணெய் காய்ச்சித் தேய்த்து எல்லாவற்றையும் மீட்டுக்கொண்டதாகச் சொல்கிறாள். இப்போது அதை விற்கவும் செய்கிறாள். "முடி கொட்டுதுன்னு அழறதுக்கு முன்னாடி, உங்க உடம்பை நீங்க எப்படிப் பார்த்துக்கிட்டீங்கன்னு யோசிங்க" என்பது அவள் அடிக்கடி சொல்வது. அந்த எண்ணெயை நானும் ஆறு மாதம் தேய்த்தேன். புழுவெட்டு கூடியதுதான் மிச்சம். எங்கே தப்பு செய்தேன் என்று தெரியவில்லை.

போன மாதம் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். கேட்பவர்களிடம் வேண்டுதல் என்கிறேன். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். தோழிகள் எல்லோரும் மல்லிகை வைத்த சடையை வீசித் திரும்புவது போல ஒரு ரீல் எடுக்க வேண்டுமாம். போகவா, வேண்டாமா? அவள் வீடியோவைப் பார்த்தால் நெஞ்சு எரிகிறது. இந்தப் பொறாமை எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் தினமும் பார்க்கிறேன்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் பழனி வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நம் ஊரில் மொட்டைத் தலையைப் பார்த்து யாரும் மிரள்வதில்லை. சந்தனம் பூசிய தலையோடு பேருந்தில் ஏறினால் "பழனியா, திருப்பதியா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அதே தலை, நோயால் முடி போன தலை என்று தெரிந்தால் பார்வை மாறிவிடுகிறது. இரண்டிலும் முடி இல்லை. ஒன்றை நாமாகக் கொடுத்தோம், இன்னொன்று நம்மை விட்டுப் போனது. போனது என்றதும் உடனே ஒரு கேள்வி வருகிறது: "நீ என்ன பண்ணினே?"

உங்களைச் சுடுவது அந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். தோழியின் கூந்தல் அழகாக இருப்பது உங்களைச் சுடவில்லை. நாலு வருடம் அவள் தலையை நீங்கள் பின்னிவிட்டிருப்பீர்கள், அப்போது எரிந்ததா? இப்போது அவள் கூந்தலோடு சேர்த்து ஒரு கணக்கையும் காட்டுகிறாள். 'நான் ஒழுங்காக இருந்தேன், எனக்கு முடி இருக்கிறது.' இந்தக் கணக்கை மறுபக்கம் திருப்பினால், முடி இல்லாதவள் ஒழுங்காக இருக்கவில்லை என்று வருகிறது. அவள் உங்களை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் கேட்பவள் தலையில் புழுவெட்டு இருந்தால் அது அப்படித்தான் போய் விழும்.

அதனால் இதைப் பொறாமை என்று சொல்லி உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். அவளிடம் இருப்பது அவளுக்கு ஏன் என்று கேட்டால் அது பொறாமை. எனக்கு ஏன் போயிற்று என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். அது துக்கம். அதோடு செய்யாத தவறுக்கான குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

சினிமா நடிகையின் கூந்தல் ஏன் உங்களை இப்படிச் சுடவில்லை தெரியுமா? லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954லேயே இதை எழுதினார். மனிதர்கள் தங்களை அளந்து பார்க்கத் தங்களைப் போன்றவர்களைத்தான் தேடுவார்கள் என்றார். உங்களுக்கும் அவளுக்கும் ஒரே மெஸ் சாப்பாடு, ஒரே போர் தண்ணீர், ஒரே பரீட்சைக் கவலை. அப்படியிருந்தும் அவளுக்கு அப்படி, உனக்கு இப்படி என்றால், வித்தியாசம் உன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவு தப்பு. ஏன் தப்பு என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இது என் தொழில்.

முதலில் அவளுடைய டெங்கு. கடும் காய்ச்சல் வந்தால் வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் நிறைய ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடும். அங்கே சுமார் மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு, அப்புறம் மொத்தமாக உதிரும். டெங்கு, டைபாய்டு, கோவிட், பிரசவம், பட்டினி போட்டு எடை குறைப்பது, எல்லாவற்றுக்கும் இதே நாட்காட்டிதான். காய்ச்சலை மறந்தே போன பிறகு முடி கொட்டுவதால், காரணம் பிடிபடாமல் எல்லோரும் ஷாம்பூவையும் தண்ணீரையும் குறை சொல்வார்கள். வேர் சாவதில்லை. உதிர்ந்த இடத்தில் புது முடி தானாகவே முளைக்கத் தொடங்கிவிடும். ஆறேழு மாதத்தில் பெரும்பாலோருக்கு அடர்த்தி திரும்புகிறது.

இப்போது மாதங்களை எண்ணிப் பாருங்கள். காய்ச்சல் முடிந்து மூன்றாவது மாதம் முடி கொட்டும். பயந்துபோய் நாலாவது மாதம் எண்ணெய் காய்ச்சுவார்கள். ஏழாவது மாதம் நெற்றி ஓரத்தில் குட்டிக் குட்டியாகப் புது முடி தெரியும். அந்த எண்ணெய்க்குப் பதில் வெறும் தேங்காயெண்ணெய் தேய்த்திருந்தாலும், எதுவுமே தேய்க்காமல் இருந்திருந்தாலும், அந்த முடி அதே மாதத்தில் வந்திருக்கும். உங்கள் தோழியை நான் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் கதை இந்த நாட்காட்டியோடு அப்படியே பொருந்துகிறது. அவள் பொய் சொல்லவில்லை. தன் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறாள், காரணத்தை மட்டும் மாற்றிச் சொல்கிறாள். குழந்தை பெற்ற பெண்கள் "இந்த எண்ணெய்தான் என் முடியைக் காப்பாற்றியது" என்று மனசாரச் சொல்வதும் பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

அடுத்து நீளம். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். ஒரு முடி எத்தனை வருடம் விடாமல் வளரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பொதுவாக 2 முதல் 6 வருடம், சிலருக்கு அதற்கும் மேல். மூன்று வருடம் வளர்ந்து உதிரும் முடி 36 செ.மீ. தாண்டாது. இடுப்பு வரை தொங்க 70, 80 செ.மீ. வேண்டும், அதாவது ஆறு வருடத்துக்கு மேல் உதிராமல் நிற்கிற முடி. அந்த ஆறு வருடத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அம்மா அப்பாவிடமிருந்து வந்த மரபணு. எண்ணெய் முடியை மென்மையாக்கும், உடைவதைக் குறைக்கும், பளபளப்புக் கொடுக்கும். நானும் தேய்க்கிறேன். ஆனால் வேர் எத்தனை வருடம் உழைக்கும் என்பதை அது மாற்றாது. உயரமாக இருக்கும் பெண் "நான் ஒழுக்கமாக இருந்ததால் உயரமானேன்" என்று ரீல் போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். கூந்தல் விஷயத்தில் மட்டும் நம்பிவிடுகிறோம்.

சரி, உங்கள் விஷயம். புழுவெட்டு என்ற பெயரே பாவம் செய்துவிட்டது. எந்தப் புழுவும் பூச்சியும் வெட்டுவதில்லை. அலோபீசியா ஏரியேட்டா என்பது மருத்துவப் பெயர். நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள் முடியின் வேரை அந்நியன் என்று நினைத்துத் தாக்குகின்றன. நூறு பேரில் சுமார் இரண்டு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரும். தொற்றாது. அழுக்கால் வராது. எண்ணெய் வைக்காததால் வராது. குடும்பத்தில் தைராய்டு, வெண்புள்ளி போன்றவை இருந்தால் வாய்ப்புக் கொஞ்சம் கூடும். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொண்ட விதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆறு மாதம் எண்ணெய் தேய்த்ததில் நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. மேலே தடவும் எண்ணெய்க்கு அந்த அணுக்களை நிறுத்தும் சக்தி கிடையாது, அவ்வளவுதான்.

சின்ன வெங்காயம் தேய்த்துப் புழுவெட்டு போனவர்களைக் காட்டுவார்கள். உண்மைதான், போயிருக்கும். ஒன்றிரண்டு சின்னத் திட்டுகள் மட்டும் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முடி முளைத்துவிடும். அந்தச் சமயத்தில் தலையில் வெங்காயம் இருந்தால் வெங்காயத்துக்குப் பெயர். மீதிப் பாதிப் பேர் வீடியோ போடுவதில்லை. தோல்வி யார் கைப்பேசியிலும் வராததால், வெற்றி மட்டுமே நடப்பது போலத் தெரிகிறது.

இதில் என் தொழிலுக்கும் பங்கு உண்டு. என் கிளினிக்கில் முன்பு சுவர் நிறைய 'முன்னால்–பின்னால்' படங்கள் மாட்டியிருந்தேன். ஒருநாள் ஒரு கல்லூரி மாணவி அந்தச் சுவரைப் பார்க்காமல் இருக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வருடச் சிகிச்சைக்குப் பிறகும் பலன் வராதவள். அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். அந்தப் படங்கள் பொய்யில்லை. ஆனால் வெளியே இப்படிப் படம் காட்டுபவர்களிடம் சில விஷயங்களைக் கவனியுங்கள். முதல் படத்தில் முடி ஈரமாக, நடுவகிடு எடுத்து, தலைக்கு மேலே குழல்விளக்கு எரியும். இரண்டாவதில் முடி உலர்ந்து, வகிடு பக்கவாட்டில், வெளிச்சம் முன்னாலிருந்து வரும். இதிலேயே பாதி அடர்த்தி வந்துவிடும். வழுக்கை மேல் தூவும் நார்ப்பொடி, கிளிப்பில் மாட்டும் இணைப்பு முடி, கைப்பேசி ஃபில்டர் எல்லாம் அதற்கு மேல்.

சட்டத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. குணப்படுத்தும், தடுக்கும் என்று எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாத நோய்களின் பட்டியல் ஒன்று, 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 'ஜே' அட்டவணையாக இருக்கிறது. புற்றுநோய், எய்ட்ஸ் இருக்கும் அதே பட்டியலில் வழுக்கையும் இருக்கிறது. அதனால்தான் புட்டியில் 'உதவக்கூடும்' என்று அச்சடித்துவிட்டு, வீடியோவில் 'வளர்ந்தே தீரும்' என்கிறார்கள். காசு வாங்கிப் பேசினால் அது விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021இல் விதி கொண்டுவந்தது. அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று இனிமேல் பாருங்கள். பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையையும் இப்படியே விற்கிறார்கள். உடம்பில் பயோட்டின் குறையாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. போதாததற்கு அது தைராய்டு ரத்தப் பரிசோதனையின் முடிவைத் தப்பாகக் காட்டும். புழுவெட்டுக்காகப் போகும்போது உங்களுக்கு தைராய்டும் பார்க்கச் சொல்லக்கூடும் என்பதால் சொல்கிறேன்: சாப்பிடுவதாக இருந்தால் பரிசோதனைக்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எரிந்தாலும் தினமும் பார்க்கிறேன் என்கிறீர்கள். வலிக்கிற பல்லை நாக்கு தடவிக்கொண்டே இருக்குமே, அது மாதிரி. ஒரு வீடியோவில் நாம் எவ்வளவு நேரம் நின்றோம் என்பதைத்தான் செயலி பார்க்கிறது. ரசித்து நின்றோமா, அழுது நின்றோமா என்று அதற்குத் தெரியாது. நின்றால் அதே மாதிரி இன்னும் பத்து அனுப்பும். தோழியை 'அன்ஃபாலோ' செய்தால் அவளுக்குத் தெரிந்து மனசு கோணலாம். 'மியூட்' செய்தால் அவளுக்குத் தெரியாது. முடி, கூந்தல், ஹேர் ஆயில் என்று வரும் மற்றவற்றில் 'ஆர்வமில்லை' என்பதை அழுத்துங்கள். ஒரே நாளில் நிற்காது, விடாமல் இரண்டு வாரம் செய்யுங்கள். ராத்திரி படுக்கையில் கைப்பேசி வேண்டாம். என்னிடம் வருபவர்களில் பலர், தலையணையில் கிடந்த முடியை எண்ணிய கையோடு ரீல்ஸ் திறந்ததாகச் சொல்கிறார்கள்.

உங்களுக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் நெருக்கடி வரும். "மொட்டைத் தலையோடு தைரியமாகப் போட்டோ போடு, நாலு பேருக்கு முன்னுதாரணமாக இரு" என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். அப்படிப் போடும் பெண்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, அந்தப் படங்களைப் பார்த்துத் தெம்பு பெற்றவர்களையும் தெரியும். ஆனால் அது உங்கள் கடமை இல்லை. ஹாலிவுட் நடிகை ஜாடா பிங்கெட் ஸ்மித் தன் அலோபீசியாவைப் பற்றி வெளியே பேசியது 2018இல். மொட்டை அடித்துக்கொண்டது 2021இல். அதற்கு அடுத்த வருடம் ஆஸ்கர் மேடையில் நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக் அந்தத் தலையைக் கேலி செய்தார், ஜாடாவின் கணவர் வில் ஸ்மித் மேடையேறி அவரை அறைந்தார். அத்தனை வசதியும் பெயரும் உள்ளவருக்கே பேசியதிலிருந்து மொட்டை வரை மூன்று வருடம் ஆனது. நீங்கள் வேண்டுதல் என்று சொல்லிக்கொண்டால் அதில் எந்தப் பாவமும் இல்லை. யாரிடம், எப்போது சொல்வது என்பது உங்கள் உரிமை.

ஆண்களும் இதே வேதனையை எழுதுகிறார்கள். பெண் பார்க்கப் போகும் இடத்தில் தொப்பியைக் கழற்றத் தயங்குகிறவர்கள், நண்பர்கள் குழுவில் தன் சொட்டையை வைத்து மீம் போட்டால் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுகிறவர்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு பதில் எழுத வேண்டும், எழுதுகிறேன்.

தோழியிடம் சொல்லலாமா? சொல்லலாம் என்பது என் அபிப்பிராயம். ரீலுக்குக் கீழே பின்னூட்டமாக வேண்டாம். அங்கே பத்தாயிரம் பேர் முன்னால் அவள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பாள். போனிலோ நேரிலோ சொல்லுங்கள். அவள் எண்ணெயைப் பற்றி வாதம் செய்யாதீர்கள். உங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்கள். "எனக்குப் புழுவெட்டு இருக்குடி, ரெண்டு வருஷமா. இது உடம்பே தன் வேரைத் தாக்குற நோய், டாக்டர் சொன்னாங்க. 'எப்படிப் பார்த்துக்கிட்டீங்க'ன்னு நீ சொல்றப்ப என்னைக் கேக்குற மாதிரி இருக்கு. உன் முடியை நீ காட்டு, எனக்குச் சந்தோஷம்தான். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுடு." இவ்வளவு போதும். ஒரே அறையில் நாலு வருடம் இருந்தவள். பெரும்பாலும் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒருவேளை அவள் தற்காத்துப் பேசினாலும், நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டீர்கள். மியூட் பொத்தான் இருக்கிறது.

சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு வருடமாக இருக்கிறது, புருவமும் சேர்ந்திருக்கிறது. இனி எண்ணெய் பார்த்துக் காத்திருக்கும் கட்டம் இல்லை. தோல் மருத்துவரிடம் போங்கள். பெருந்துறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, கோவையிலும் இருக்கிறது. திட்டுகளில் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி போடுவது பழைய, நல்ல முறை. பரவலாக இருந்தால், வேரைத் தாக்கும் அணுக்களை அடக்கும் ஜேக் தடுப்பான்கள் என்ற மாத்திரைகள் உண்டு; அவற்றில் பாரிசிட்டினிப்பை இந்த நோய் கடுமையாக இருப்பவர்களுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 ஜூனில் அனுமதித்தது. தொடங்கும் முன் காசநோய், மஞ்சள் காமாலைக் கிருமி ஆகியவற்றுக்குப் பரிசோதிக்க வேண்டும், கர்ப்பத்துக்குத் திட்டமிடும் சமயத்தில் எடுக்கக் கூடாது. மருந்தை நிறுத்தினால் மறுபடி கொட்டவும் கூடும். எல்லாருக்கும் பலன் தரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த நோயில் வேர் அழிந்துபோவதில்லை, வருடங்கள் கழித்தும் முளைத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

தூக்கம் போய்விட்டது, வேலைக்குப் போகவே முடியவில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அன்றைக்கே 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், அரசு நடத்தும் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

இனி கல்யாணம். போங்கள். முகூர்த்தத்துக்குப் போய், தாலி கட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். சடை ரீலுக்கு மட்டும் "நான் கேமரா பிடிக்கிறேன்" என்று சொல்லிவிடலாம். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

ஒன்றை இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை போட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது. ஆவணி வருவதற்குள் நல்ல இடங்களில் மூன்று செ.மீ. முடி வந்துவிடும், திட்டுகளில் வராது. அப்போது இப்போதைவிடப் பளிச்சென்று தெரியும். அதைப் பார்த்து நோய் கூடிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். மறுபடி மழித்துக்கொள்வதும், பட்டுத்துணி கட்டிக்கொள்வதும், விக் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். விக் என்றால் தலை அளவு கொடுத்துச் செய்வதற்குச் சில வாரம் ஆகும், அதனால் இந்த வாரமே போங்கள். ஒருமுறை வைத்துக்கொண்டு அரை நாள் வேலைக்குப் போய்ப் பாருங்கள். வியர்வையில் அரிக்கிறதா, நழுவுகிறதா என்று கல்யாணத்துக்கு முன்னால் தெரிந்துவிடும். பசை வேண்டாம், கிளிப் வேண்டாம், உள்ளே பட்டை வைத்துத் தைத்தது போதும். மல்லிகைச் சரம் கனமாக இருக்கும். ஹேர்பின்னை முடியில் மட்டும் குத்தாமல் அடியில் இருக்கும் வலைத்துணியோடு சேர்த்துக் குத்துங்கள். புருவத்துக்குப் பென்சில் போதும், கறுப்பு வேண்டாம், அடர்ந்த பழுப்பு எடுங்கள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எழுதுங்கள். கைவிரல் நகங்களில் குண்டூசி முனையால் குத்தியது போலக் குழிகள் இருக்கின்றனவா என்று பார்த்து அதையும் அவரிடம் சொல்லுங்கள். நோயின் தீவிரத்தைக் கணிக்க அது உதவும்.